பஃபலோவுக்கு அரை மணி நேரப் பறப்பு, திரும்பி வந்ததும் 6,255 டொலர் தண்ட ரிக்கெற்: விமானிக்கு விதிவிலக்கு இல்லையா?

கொரோனாப் பயணக் கட்டுப்பாடுகள் இருந்த 2022 ஜனவரியில் எழுதிய பதில் இது. ரொறன்ரோவுக்கு மேற்கே வசிக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம், அதனால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் தனியார் விமானி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர். வார இறுதிகளில் ஒரு கழகத்தின் செஸ்னா 172 விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுவார். அமெரிக்காவின் பஃபலோவில் இருந்த பெரியம்மா டிசம்பரில் காலமாகிவிட்டார். அந்தியேட்டிக்காக 2022 ஜனவரி 8, சனிக்கிழமை, மனைவியின் தம்பியையும் ஏற்றிக்கொண்டு ஹமில்ரனிலிருந்து பறந்திருக்கிறார். இருவருமே இரண்டு தடுப்பூசியும் போட்டவர்கள். வெள்ளிக்கிழமை ஒரு மருந்துக்கடையில் அன்டிஜென் என்ற விரைவுக் கொரோனாப் பரிசோதனை செய்து, தொற்று 'இல்லை' என்ற முடிவோடு போயிருக்கிறார்கள். அமெரிக்கப் பக்கத்தில் ஒரு சிக்கலும் இல்லை. ஞாயிறு மதியம் ஹமில்ரனில் திரும்பி இறங்கியபோது கனடிய அதிகாரி பி.சி.ஆர். என்ற ஆய்வுகூடப் பரிசோதனையின் முடிவைக் கேட்டிருக்கிறார். அது இல்லை. ஆளுக்கு ஒரு ரிக்கெற். அதோடு 14 நாள் வீட்டில் தனிமைப்படுத்தல்.

அவர் கேட்பவை இவை. விமானத்தை ஓட்டி வந்தவன் நான், விமானப் பணிக்குழுவுக்கு விதிவிலக்கு உண்டே, எனக்கு ஏன் இல்லை? 72 மணி நேரத்துக்குள் திரும்பினால் பரிசோதனை வேண்டாம் என்று கழகத்தின் அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்களே? கனடாவுக்குள் வருவோர் விபரம் பதியும் அரைவ்கான் செயலியில் பரிசோதனை செய்தாயிற்று என்று பதிந்துவிட்டேன், அது பொய்யாகிவிடுமா? மச்சானின் குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, அதற்கு ஆபத்தா? தண்டத்தைக் கட்டிவிட்டுத் தலைமுழுகுவதா, எதிர்த்து நிற்பதா?

தம்பி, முதலில் பெரியம்மாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். துக்கத்துக்குப் போன இடத்தில் இப்படி ஒரு தலைவலியைச் சுமந்து வந்திருக்கிறீர்கள். கடிதத்தின் நடுவில் 'நான் ஒரு குற்றவாளி மாதிரி உணர்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குற்றவாளி இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஏன் என்று பின்னால் விளக்குகிறேன். ஆனால் சில இடங்களில் நீங்கள் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அவற்றை நேர் செய்யாமல் அடுத்த படியைப் பற்றிப் பேச முடியாது.

இரண்டு நாடு, இரண்டு விதி

பஃபலோவுக்குப் போகும்போது உங்கள் ஆயத்தம் சரியாகவே இருந்தது. அமெரிக்கா 2021 டிசம்பர் 6 முதல், விமானத்தில் வரும் இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரிடமும், தடுப்பூசி போட்டவரானாலும் அமெரிக்கக் குடிமக்களானாலும், புறப்படுவதற்கு முந்திய ஒரு நாளுக்குள் எடுத்த பரிசோதனையைக் கேட்டது. அன்டிஜென் போதுமாக இருந்தது. 24 மணி நேரம் என்று நிமிடக் கணக்குப் பார்க்கவில்லை, நாள் கணக்குத்தான். வெள்ளிக்கிழமை எந்த நேரத்தில் எடுத்திருந்தாலும் சனிக்கிழமைப் பறப்புக்குச் செல்லுபடியாகியிருக்கும். பெரிய விமானம், சின்ன விமானம் என்ற பேதமும் இருக்கவில்லை. தனியார் விமானங்களுக்கும் இந்த உத்தரவு பொருந்தும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தது.

இதே பயணத்தைக் காரில், எல்லையிலுள்ள பீஸ் பாலம் வழியாகப் போயிருந்தால் அமெரிக்கா தடுப்பூசிச் சான்றை மட்டும்தான் பார்த்திருக்கும். தரைவழிக்குப் பரிசோதனை அப்போது இருக்கவில்லை. அதனால்தான் 'பக்கத்து வீட்டுக்காரர் போய் வந்தார், ஒன்றும் கேட்கவில்லை' என்ற பேச்சு நம்மவர்களிடையே இவ்வளவு பரவியிருக்கிறது. அவர் போன வழி வேறு, நீங்கள் போன வழி வேறு.

திரும்பி வரும்போதுதான் இடறியிருக்கிறீர்கள். தடுப்பூசி போட்டவரானாலும், தரைவழியோ வான்வழியோ, கனடா அப்போது கேட்டது பி.சி.ஆர். போன்ற மூலக்கூற்றுப் பரிசோதனையை. அன்டிஜெனை அது ஏற்கவில்லை. உங்கள் கையில் இருந்த தாள் அமெரிக்காவுக்குச் செல்லுபடியானது, கனடாவுக்குச் செல்லவில்லை. ஒரே தாள் இரண்டு பக்கமும் உதவும் என்று நினைத்தீர்கள். அப்படி நினைத்தவர்கள் என் மேசைக்கு இந்த மாதம் மட்டும் பலர் வந்துவிட்டார்கள்.

அந்த 72 மணி நேரச் சலுகை

உங்கள் கழகப் பலகையில் இருந்த தாள் பொய் சொல்லவில்லை. ஒட்டிய நாளில் அது உண்மை. கனடா 2021 நவம்பர் 30 அன்று அந்தச் சலுகையைக் கொண்டுவந்தது. இங்கிருந்து புறப்பட்டு 72 மணி நேரத்துக்குள் திரும்பும், முழுமையாகத் தடுப்பூசி போட்ட குடிமக்களும் நிரந்தர வதிவாளர்களும் பரிசோதனை இல்லாமல் வரலாம் என்றார்கள். ஒமிக்ரோன் வகைக் கொரோனா பரவத் தொடங்கியதும் டிசம்பர் 21 அன்று அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மூன்று வாரம்தான் அது நிலைத்தது. நீங்கள் பறந்ததோ ஜனவரி 8.

திரும்பப் பெற்றபோது இன்னொன்றையும் சேர்த்தார்கள். பரிசோதனையைக் கனடாவுக்கு வெளியேதான் செய்ய வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை இங்கே நீங்கள் பி.சி.ஆர். எடுத்திருந்தால்கூட அது ஞாயிற்றுக்கிழமைக்கு உதவியிருக்காது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'இன்னும் நூறு டொலர் செலவழித்து பி.சி.ஆர். எடுத்திருக்கலாமே' என்று உங்களை நீங்களே நொந்துகொண்டிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுங்கள்.

பறக்கும் முன் வானிலையை மூன்று தடவை பார்த்தேன், நோட்டாம் எனும் விமானிகளுக்கான அறிவித்தல்களைப் பார்த்தேன், அமெரிக்கச் சுங்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பயணிகள் விபரம் அனுப்பினேன், கனடிய எல்லைச் சேவைக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பே தொலைபேசியில் சொன்னேன் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு கவனமான ஒருவர் சுகாதார விதிக்கு மட்டும் ஒரு பலகைத் தாளை நம்பிவிட்டார். குறை சொல்லவில்லை. நோட்டாம் போல அந்தந்த நாளில் பார்க்க வேண்டிய ஒன்றாகச் சுகாதார விதியும் ஆகிவிட்டதை விமானிகள் பலர் இன்னும் உணரவில்லை.

விமானி என்றால் பணிக்குழுவா?

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விமானப் பணிக்குழுவுக்கு இரு நாடுகளும் விலக்குக் கொடுத்திருந்தது உண்மை. அமெரிக்க உத்தரவு அதை 'உத்தியோகக் கடமையில் இருக்கும்' பணிக்குழுவுக்கு என்று சொன்னது. தொற்றுத் தடுப்பு நெறிமுறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு இருந்தது. கனடாவிலும் பணியில் அமர்த்தப்பட்ட ஒருவர் என்ற கருத்தை ஒட்டியே இது போனது. சரக்கும் மருந்தும் வந்துகொண்டிருக்க வேண்டும், வாரத்துக்கு நான்கு தடவை எல்லை கடக்கும் விமானியை ஒவ்வொரு தடவையும் நிறுத்த முடியாது. இந்த விலக்கு பிறந்ததே அந்தத் தேவைக்காகத்தான்.

உங்களைப் பணியில் அமர்த்தியவர் யார்? ஒருவருமில்லை. நீங்கள் போனது குடும்பக் காரியத்துக்கு. விமானத்தை நீங்களே ஓட்டியது பயணத்தின் முறை, பயணத்தின் நோக்கம் அல்ல. அரைவ்கானிலும் உங்களைப் பயணி என்றே பதிந்திருக்கிறீர்கள். வழக்குத் தொடுநர் முதலில் எடுத்துக் காட்டப் போவது அதைத்தான்.

வாதிட ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த விமானத்தில் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான், நீங்கள் இல்லாமல் அது பறந்திருக்காது. சொற்களை அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு சட்டத்தரணி நீதிமன்றத்தில் இதை முன்வைக்கலாம். ஆனால் நோக்கத்தைப் பார்க்கும் நீதவான் அதை ஏற்பார் என்று நம்பி 6,255 டொலரைப் பணயம் வைக்க நான் சொல்லமாட்டேன். மச்சானுக்கோ இந்த வாதம் துளியும் உதவாது. அவர் பக்கத்து இருக்கையில் இருந்தவர், அவ்வளவுதான்.

விமானத்தை இயக்குபவர் என்ற நிலை உங்களுக்குச் சலுகை தரவில்லை, கடமைதான் தந்திருக்கிறது. அமெரிக்க விதிப்படி, பயணிகளின் பரிசோதனை முடிவைச் சரிபார்த்து, ஒவ்வொருவரிடமும் உறுதிமொழிப் படிவம் வாங்கி, அதை இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டியவராக இருந்தவர் விமானத்தை இயக்குபவர். விமான நிறுவனம் செய்யும் அந்த வேலை உங்கள் தலையில் விழுந்தது. மச்சானின் படிவத்தை வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. எறிந்துவிடாதீர்கள்.

உங்களைத் திருப்பி அனுப்பியிருக்க முடியுமா?

முடியாது. கனடியக் குடிமகன் நாட்டுக்குள் வருவதும் இருப்பதும் வெளியேறுவதும் உரிமைகள் சாசனத்தின் 6ஆம் பிரிவு தரும் உரிமை. நிரந்தர வதிவாளருக்கும் உள்ளே வரும் உரிமையைக் குடிவரவுச் சட்டம் தருகிறது. வணிக விமானம் என்றால் பரிசோதனை இல்லாதவரை வாசலிலேயே ஏற்ற மறுத்திருப்பார்கள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். உங்கள் விமானத்துக்கு அப்படித் தடுக்க ஒருவரும் இல்லை. அதனால் நேரே வந்து இறங்கி, தண்டத்தில் மாட்டிக்கொண்டீர்கள்.

ஆனால் உள்ளே வரும் உரிமை, நிபந்தனை இல்லாமல் உள்ளே வரும் உரிமை அல்ல. சாசன வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பயணிகளை விடுதியில் தனிமைப்படுத்தியதை எதிர்த்த வழக்கையே 2021 ஜூனில் மத்திய நீதிமன்றம் பெரும்பாலும் தள்ளுபடி செய்துவிட்டது. ஒரு பரிசோதனைத் தாள் அதைவிட இலேசான நிபந்தனை. இந்த வழியில் பணத்தையும் மனதையும் செலவழிக்காதீர்கள்.

அரைவ்கானில் பதிந்தது

எனக்கு உண்மையில் கவலை தந்தது இதுதான். தண்டத்தை விட இதைக் கவனமாகக் கையாள வேண்டும். எல்லையில் தெரிந்தே பொய் விபரம் கொடுப்பது, பரிசோதனை இல்லாமல் வருவதைவிடப் பாரதூரமானது. தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் இது ரிக்கெற்றோடு நிற்காமல் நீதிமன்றக் குற்றச்சாட்டாகவும் மாறலாம்.

நீங்கள் தெரிந்து பொய் சொல்லவில்லை. பரிசோதனை செய்தீர்களா என்ற கேள்விக்கு, செய்த ஒரு பரிசோதனையை மனதில் வைத்து 'ஆம்' என்றீர்கள். அது செல்லுபடியாகும் வகை என்று நம்பினீர்கள். அந்த நம்பிக்கைக்குச் சாட்சி மருந்துக்கடை ரசீதும் முடிவுத் தாளும். அதிகாரி கேட்டவுடன் மறைக்காமல் அன்டிஜென் தாளை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். பொய் சொல்ல நினைத்தவர் அப்படிச் செய்யமாட்டார். இந்த மூன்றையும், அதாவது ரசீது, தாள், நடந்த உரையாடல் பற்றி உங்கள் குறிப்பு, இன்றைக்கே ஒரு கோப்பில் போடுங்கள். உரையாடலை நினைவு மங்குவதற்கு முன், சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அழகுபடுத்தி எழுதாதீர்கள்.

மச்சான் 'பி.சி.ஆர். எடுத்தோம், தாள் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுவோமா' என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். இப்போது இது பணத்தோடு முடியக்கூடிய விடயம். அந்த ஒரு வரி அதை வேறு விடயமாக்கிவிடும்.

தெரிவுகள்

ரிக்கெற் கிடைத்தது ஜனவரி 9. பதில் கொடுக்க 15 நாள். நான் இதை எழுதுவது 17ஆம் திகதி. 24ஆம் திகதிக்குள் ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். பேசாமல் விட்டால் விசாரணை இல்லாமலே குற்றவாளியாகத் தீர்ப்பாகி, தொகை வசூல் நிறுவனம் வரை போகும். அப்படி ஆன பிறகும் தீர்ப்புப் பற்றித் தெரியவந்த 15 நாளுக்குள் திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்க ஒரு வழி உண்டுதான். ஆனால் காரணம் காட்ட வேண்டும். அந்த நிலைக்குப் போகவிடாதீர்கள்.

முழுத் தொகையையும் கட்டுவது முதல் வழி. 5,000 டொலர் தண்டம், அதன் மேல் 1,250 டொலர் மேலதிகக் கட்டணம், 5 டொலர் செலவு. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். இரவு நிம்மதியாக நித்திரை வரும் என்பதற்காக இதைச் செய்பவர்கள் உண்டு. உங்கள் நிலையில் அவசரப்பட வேண்டாம் என்பேன்.

வழக்குத் தொடுநரைச் சந்திக்கக் கேட்பது இரண்டாவது. ரிக்கெற்றில் அதற்கான தெரிவு இருக்கிறது. தொற்றுக்காலம் என்பதால் சந்திப்பு தொலைபேசியிலோ காணொளியிலோ நடக்கும். நான் சிபாரிசு செய்வது இதைத்தான். இரண்டு தடுப்பூசி, பயணத்துக்கு முதல் நாள் பரிசோதனை, துக்க வீட்டுப் பயணம், முப்பது மணி நேரத்துக்குள் திரும்பியது, ஒளிக்காமல் நடந்துகொண்டது. இவ்வளவும் உங்கள் பக்கம். தொகையைக் குறைக்கவோ இன்னும் இலேசான தீர்வுக்கோ அவர் உடன்படலாம், படாமலும் போகலாம். வாக்குறுதி தர என்னால் முடியாது.

மூன்றாவது, விசாரணை. அங்கே உங்கள் கேடயம் 'இயன்ற கவனம் எடுத்தேன்' என்ற வாதம். இத்தகைய ஒழுங்குமுறைக் குற்றங்களில் அந்த வாதத்துக்கு இடமுண்டு என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1978இல் சூ செயின்ட் மேரி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். நடந்த ஒரு விடயத்தைப் பற்றிய நியாயமான தவறான எண்ணம் காப்பாற்றும். சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பற்றிய தவறான எண்ணம் காப்பாற்றாது. உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது வகை. சலுகை இன்னும் இருக்கிறது என்று நினைத்தது சட்டத்தைப் பற்றிய பிழை.

ஒரு வாசல் திறந்திருக்கலாம். பொறுப்பான அதிகாரி ஒருவரிடம் விதியைக் கேட்டு, அவர் பிழையாகச் சொல்லி, அதை நம்பி நடந்திருந்தால், நீதிமன்றம் அதைக் கருத்தில் எடுக்கும். ஞாயிறு காலை எல்லைச் சேவைக்குத் தொலைபேசியில் கதைத்ததாகச் சொல்கிறீர்கள். பரிசோதனை பற்றிக் கேட்டீர்களா? அவர்கள் 'போதும்' என்றார்களா? கடிதத்தில் 'அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை' என்றுதான் இருக்கிறது. சொல்லாமல் விட்டது, பிழையாகச் சொன்னதாகாது. உண்மையில் கேட்டு, பதிலும் கிடைத்திருந்தால், அந்த அழைப்புப் பற்றிய பதிவைத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்க முயலலாம். அப்போது மூன்றாவது வழி பலப்படும்.

எந்த வழியானாலும், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற பராலீகல் (சட்டத்தரணி அல்லாத சட்டப் பணியாளர்) ஒருவர் உங்களுக்காக இந்த நீதிமன்றத்தில் பேசலாம். சட்டத்தரணியைவிடச் செலவு குறைவாக இருக்கும்.

குற்றப் பதிவும் மச்சானின் குடியுரிமையும்

தொடக்கத்தில் நீங்கள் குற்றவாளி இல்லை என்றேனே. இந்த ரிக்கெற் மத்திய அரசின் சிறு மீறல்கள் சட்டத்தின் வழியாக வருவது. அதன் கீழ் தண்டம் விதிக்கப்பட்டவர் குற்றவியல் குற்றம் செய்தவராகக் கருதப்படமாட்டார் என்று அந்தச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. குற்றப் பதிவு வராது. சிறு மீறல் என்று வகுக்கப்பட்டதைக் காரணம் காட்டி ஒரு நிரந்தர வதிவாளரை நாட்டில் இருக்கத் தகுதியற்றவர் என்று சொல்ல முடியாது என்பதும் குடிவரவுச் சட்டத்தில் இருக்கிறது. மச்சானுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், அவர் சாப்பிடாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குடியுரிமை அலுவலகம் ஏதாவது கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லி, ரிக்கெற்றின் பிரதியையும் கொடுக்கட்டும். அவருடைய ரிக்கெற் அவருடைய பெயரில் இருக்கிறது, அதை நீங்கள் சுமக்க வேண்டிய சட்டக் கடமை இல்லை. குடும்பத்துக்குள் எப்படிப் பகிர்வது என்பது உங்கள் விருப்பம்.

எல்லையை விரைவாகக் கடக்க உதவும் நெக்ஸஸ் அட்டை வைத்திருக்கிறீர்கள் என்றால், எல்லை விதி மீறல் அதைப் பாதிக்கலாம். அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

தனிமைப்படுத்தல் 23ஆம் திகதி வரை

வெள்ளிக்கிழமையே வேலைக்குப் போகலாமா, ஊசி போட்டிருக்கிறேன், காய்ச்சலும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். அதிகாரி கையில் தந்த உத்தரவை மருத்துவர் சொல்லோ உங்கள் உடல் நலமோ மாற்றாது. ஒவ்வொரு மீறலும் தனி ரிக்கெற்றாகலாம், நீதிமன்றத்துக்குப் போனால் தனிமைப்படுத்தல் சட்டத்தில் 7,50,000 டொலர் வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் இருக்கிறது. அந்த உச்சத்துக்கு உங்களைக் கொண்டு போவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. வழக்குத் தொடுநரோடு பேசும்போது 'உத்தரவை ஒரு நாள்கூட மீறவில்லை' என்று சொல்ல முடிவது உங்களுக்கு மிகப் பெரிய பலம். அந்தப் பலத்தை ஒரு வெள்ளிக்கிழமைக்காக விற்றுவிடாதீர்கள். அவர்கள் தந்த வீட்டுப் பரிசோதனைப் பெட்டிகளையும் சொன்ன நாளில் செய்து அனுப்புங்கள். தினமும் அழைப்பு வந்தால் எடுங்கள்.

மார்ச்சில் மறுபடி பஃபலோவுக்குப் பறக்க எண்ணம் என்றீர்கள். இந்த 2022 ஜனவரி விதிப்படி, திரும்புவதற்கான பி.சி.ஆர்.ஐ அமெரிக்காவில் எடுத்து, முடிவு கையில் வந்த பிறகுதான் இயந்திரத்தைத் திருக வேண்டும். சனி போய் ஞாயிறு திரும்புவது அநேகமாக நடக்காது, ஓரிரு நாள் கூடுதலாக வைத்துத் திட்டமிடுங்கள். மார்ச்சுக்குள் விதி மாறியும் இருக்கலாம். புறப்படும் காலையில், நோட்டாம் பார்க்கும் அதே நேரத்தில், கனடிய அரசின் பயணப் பக்கத்தையும் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பார்த்த பக்கத்தைத் திகதியோடு படமெடுத்து வையுங்கள். கழகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி அந்தப் பழைய தாளைக் கழற்றச் செய்யுங்கள். உங்களுக்குப் பிறகு இன்னொருவர் அதை நம்பிப் பறக்கக் கூடாது.

இன்றிரவு ரிக்கெற்றை எடுத்து இரண்டாவது தெரிவைக் குறித்து, மச்சானும் தன்னுடையதில் அதையே குறித்து, இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள். சந்திப்புத் திகதி வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதற்கு முன் என்ன பேசலாம் என்று ஒருமுறை இருந்து பார்ப்போம்.